லாக் ஹேவனுக்கு ஒரு கப்: கிளம்புமுன் எழுதிய குறிப்புகள்

ஏப்ரல் 20

முடிவாகிவிட்டது. ஜூன் மாதம் பென்சில்வேனியாவின் லாக் ஹேவனில் கூடும் பைப்பர் கப் விமானக்காரர்களோடு சேர, எங்கள் ஜே-3 கப் என்ற இரண்டு இருக்கைக் குட்டி விமானத்தை ஓட்டிக்கொண்டே போகிறேன். இந்த ரக விமானங்கள் பெரும்பாலும் அந்த ஊரில் செய்யப்பட்டவை. 1947-இல் உற்பத்தி நிற்பதற்குள் ஏறக்குறைய 20,000 வெளிவந்தன. எங்களுடையது 1946-ஆம் வருடத்தது.

சான் டியாகோ பக்கத்து கில்லெஸ்பி ஃபீல்டிலிருந்து நேர்கோடு போட்டாலே 2,000 மைலுக்கு மேல். விமானத்தின் வேகம் மணிக்கு 75 மைல்.

"நான் சாதா ஃப்ளைட்டில் வந்துவிடுகிறேன். நீங்கள் வந்து சேருகிற அன்றைக்குச் சொல்லுங்கள், அப்புறம் டிக்கெட் போடுகிறேன்" என்றார் மனைவி. நியாயமான ஏற்பாடுதான். என்றைக்கு வந்து சேருவேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கப்போவதில்லை.

ஏப்ரல் 27

65 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு ராக்கி மலையை நேராகத் தாண்ட முடியாது. தெற்கே இறங்கி, நெடுஞ்சாலை 8, அப்புறம் 10 என்று சாலையை ஒட்டியே போகவேண்டும். நியூ மெக்சிகோவில் லார்ட்ஸ்பர்குக்கும் டெமிங்குக்கும் நடுவே கண்டத்தின் நீர்ப்பிரிமேடு, அதாவது ஆறுகள் கிழக்கே, மேற்கே என்று பிரியும் மேடு, சுமார் 4,500 அடிதான். கப் அதைத் தாண்டிவிடும். 1911-இல் கால் ரோட்ஜர்ஸ் முதன்முதலாக நாட்டைக் குறுக்கே பறந்து கடந்தபோதும் டெக்சாஸ், டூசான், யூமா என்று இந்தத் தெற்கு வழியாகத்தான் வந்தார். அவர் கிழக்கிலிருந்து மேற்கே. உதிரி பாகங்களோடு ஒரு ரயில் கூடவே வந்தது. எனக்கு ரயில் இல்லை, சாலை இருக்கிறது. இன்ஜின் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மனிதர்கள் இருப்பார்கள்.

மே 4

இன்று முழுக்க அரிசோனாவில் யூமாவிலிருந்து கிலா பெண்ட் வரை உள்ள 115 மைலோடு மல்லுக்கட்டினேன். மொத்தப் பயணத்திலும் என்னைக் கவலைப்பட வைப்பது இந்தத் துண்டுதான். சாலைக்குத் தெற்கே கோல்ட்வாட்டர் குண்டுவீச்சுப் பயிற்சி மைதானம், வடக்கே யூமா ராணுவச் சோதனைக் களம். நடுவில் இருக்கும் சந்தில்தான் போகவேண்டும். பெட்ரோல் போட இடையில் ஓர் இடமும் நான் நம்பும்படி இல்லை.

டேங்க் 12 கேலன். மணிக்கு நாலரை கேலன் குடிக்கும். ஆக 2 மணி 40 நிமிடம். காற்றே இல்லையென்றால் ஒன்றரை மணி நேரத்தில் கிலா பெண்ட், கவலையில்லை. 20 மைல் எதிர்க்காற்று வந்தால் தரைவேகம் 55. அப்போது 2 மணி 5 நிமிடம் ஆகும், மிச்சம் 35 நிமிடம். பகலில் பறக்கச் சட்டம் கேட்கும் இருப்பு 30 நிமிடம். சட்டப்படி சரி, என் வயிற்றுக்குச் சரியில்லை.

இந்த விமானத்தில் பெட்ரோல் அளவு காட்டுவது ஒரு மிதவையும் அதில் செருகிய கம்பியும். மூடி வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி இறங்க இறங்க, பெட்ரோல் இறங்குகிறது என்று அர்த்தம். கடைசி சில கேலன்களில் அதை நம்பாமல் கைக்கடிகாரத்தைத்தான் நம்பவேண்டும்.

என் விதி: தரையில் இறங்கும்போது ஒரு மணி நேரத்துக்கான பெட்ரோல் மிச்சம் இருக்கவேண்டும். அப்படியானால் இந்தத் துண்டில் பத்து மைலுக்குக்கூட எதிர்க்காற்று தாங்காது. முன்னறிவிப்பில் கிழக்குக் காற்று கொஞ்சம் தெரிந்தாலும் யூமாவில் அறை எடுத்துத் தங்கிவிடுவேன். பாதி வழியில் டேட்லேண்டைத் தாண்ட 50 நிமிடத்துக்கு மேல் ஆனால் திரும்பிவிடுவது. திரும்பும்போது அதே காற்று பின்னால் இருக்கும்.

மே 11

மெக்கானிக்கோடு ஒரு நாள். கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் நன்றாக இருக்கிறது. ஸ்பார்க் ப்ளக்குகளில்தான் ஈயம் படிந்திருந்தது. இந்த கான்டினென்டல் ஏ-65 இன்ஜின் 73 ஆக்டேன் காலத்தது. இன்று எங்கும் கிடைக்கும் 100 ஆக்டேன் ஈயப் பெட்ரோலைக் குடித்துக் குடித்துப் ப்ளக் அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்து போட்டோம். கூடுதலாக இரண்டு ப்ளக், அவற்றைக் கழற்ற ஒரு ஸ்பானர், ஒரு டயர் ட்யூப். கப்பின் குண்டு டயருக்குப் பொருந்தும் ட்யூப் எந்தக் குட்டி விமான நிலையத்திலும் கிடைக்காது.

ஸ்டார்ட்டர் கிடையாது, பேட்டரியும் கிடையாது. ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றித்தான் கிளப்பவேண்டும். பாலைவனத்தில் உதவிக்கு ஆள் இருக்க மாட்டார் என்பதால், வாலைக் கயிற்றால் கட்டி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, தனியாகக் கிளப்புவதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். கயிறு இல்லாமல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆளில்லாமல் ஓடிப்போய் வேலியில் மோதிய விமானங்களும் இருக்கின்றன.

மே 12

எடைக் கணக்கு. உச்ச வரம்பு 1,220 பவுண்டு. விமானம் 740, நான் 175, பெட்ரோல் 72. ஆக இன்னும் 230 பவுண்டு ஏற்றலாம் என்கிறது காகிதம். ஏற்றக் கூடாது. டெமிங் நிலையம் 4,300 அடி உயரத்தில் இருக்கிறது. 35 டிகிரி வெயிலில் அங்கே காற்று 7,700 அடியில் இருப்பதுபோல மெலிந்துவிடும். ரன்வே முடிகிற வரை மேலே எழாமல் உருண்டுகொண்டிருக்க எனக்கு ஆசையில்லை. அதனால் எல்லாம் சேர்த்து 60 பவுண்டு.

பின்னால் இருக்கும் பெட்டியில் 20 பவுண்டுக்கு மேல் வைக்க அனுமதியில்லை. தனியாகப் பறப்பவர் பின் இருக்கையில்தான் உட்காரவேண்டும்; ஆகவே மிச்சச் சாமான் காலியான முன் இருக்கையில். அங்கே இன்னொரு கட்டுப்பாட்டுத் தடி இருக்கிறது. பை சரிந்து அதில் சிக்கினால் கதை முடிந்தது. நன்றாக இறுக்கிக் கட்டிவிட்டு, தடியை நாலா பக்கமும் முழுதாக அசைத்துப் பார்த்தேன்.

தண்ணீர் இரண்டு கேலன், குறைக்கவே முடியாது. இரண்டாவது ஷூவை எடுத்துவிட்டேன். பருப்புப்பொடி இருக்கட்டும் என்று மனைவி சொன்னார். இருக்கிறது.

மே 18

காலையில் கடல் மேகம், மதியத்துக்கு மேல் காற்று. மே மாதச் சான் டியாகோவின் தொல்லை இது. விடியற்காலையில் கிளம்பலாம் என்றால் நிலையத்தின் தலைக்கு மேல் மேகம் மூடிக் கிடக்கிறது. அது கலைய ஒன்பது, பத்து மணி ஆகிவிடும். மதியத்துக்கு மேல் மேற்குக் காற்று வலுத்து, 6,000 அடி தாண்டிய லகூனா மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் அருவிமாதிரி கீழே விழும். அதில் மாட்டினால் 65 குதிரைகளால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆக முதல் நாள் திட்டம்: மேகம் கலைந்ததும் கிளம்பி, மலையைத் தாண்டி, கடல் மட்டத்துக்கு 54 அடி கீழே இருக்கும் இம்பீரியலில் இறங்கி, அங்கேயே தங்குவது. மறுநாள் விடியும்போது யூமா, வெயில் ஏறுமுன் கிலா பெண்ட். முதல் நாள் கணக்கு 80 மைல். "காரில் ஒன்றரை மணி நேரம்" என்று ஞாபகப்படுத்தினார் மனைவி.

மே 24

நாளை கிளம்புவதாக இருந்தது. மாலை முன்னறிவிப்பில் மலை உச்சிகளில் மேற்குக் காற்று 40 நாட் (மணிக்கு 46 மைல்) வரை வீசும், காலையிலேயே தொடங்கிவிடும் என்று இருக்கிறது. அத்தனையும் பின்காற்று. இவ்வளவு வேகமான பின்காற்று இந்தப் பயணத்தில் மறுபடி கிடைக்குமோ என்னவோ. ஆனால் அது மலைக்கு அந்தப் பக்கம் கீழ்நோக்கித்தான் வீசும். அதனால் போகவில்லை.

இம்பீரியலில் எடுத்திருந்த அறையை ரத்து செய்தேன். ஞாயிறுக்குக் காற்று தணியும் போலிருக்கிறது. நாளை மாலை ஐந்து மணிக்கு மறுபடி பார்க்கிறேன். காலையில் ஹேங்கருக்குப் போய் இரண்டாவது கயிறு ஒன்றும் வாங்கி வைக்கவேண்டும். இருப்பது கொஞ்சம் பிரிந்திருக்கிறது.