கூப்பிடு தூரம்

கலிபோர்னியாவில் ஒரு தாவர மரபியல் ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வசந்தத்தில் எனக்குக் கிடைத்த வேலை, மோஹாவி பாலைவனத்தில் இலை சேகரிப்பது. லினாந்தஸ் பாரியே என்றொரு செடி. விரல் உயரம்கூட இருக்காது. மழை போதுமான அளவு பெய்த வருஷம் முளைத்து, பூத்து, காய்ந்துவிடும். பெய்யாவிட்டால் விதை மண்ணுக்குள்ளேயே வருஷக்கணக்கில் கிடக்கும். மண்டியிட்டுக் குனிந்தால்தான் பூவைச் சரியாகப் பார்க்க முடியும். ஐந்து இதழ், ஒரு செடியில் வெள்ளை, இன்னொன்றில் நீலம்.

இலையைக் கிள்ளி, உறையில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, மேலே ஜிபிஎஸ் எண்ணை எழுதுவேன். எந்தச் செடிக்கும் எந்தச் செடிக்கும் எத்தனை மீட்டர் என்பது ஒன்றுதான் அப்போது என் தலைக்குள் ஓடிய கணக்கு. தூரம் கூடக்கூட மரபணு வேறுபாடும் கூடும் என்று 1943-ல் எழுதிய மரபியலாளர் சூவல் ரைட், அதைப் பொருத்திப் பார்த்ததே இந்தச் செடியின் பூ நிறத்தில்தான். எப்லிங், டோப்ஜான்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 1942-ல் வெளியிட்ட பூ நிறக் கணக்கெடுப்பு அவர் கையில் இருந்தது. மகரந்தத்தைச் சுமப்பது ஒரு சின்ன வண்டு. அது எவ்வளவு தூரம் போய்விடும்? அக்கம்பக்கத்துச் செடிகளுக்குள்ளேயே உறவு சுற்றிச்சுற்றி வர, ஒவ்வொரு கூட்டமும் தற்செயலாக ஒரு நிறத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது என்பது ரைட்டின் விளக்கம்.

நானும் சரி என்றுதான் இருந்தேன், அந்த ஓடையைப் பார்க்கும்வரை. ஆழமே இல்லாத வறண்ட பள்ளம். இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் இருப்பவருக்குக் கேட்கும். ஆனால் இங்கே பார்த்த இடமெல்லாம் நீலம், அங்கே வெள்ளை.

ஷெம்ஸ்கி, பியர்சிசுடெக் என்ற இரு ஆய்வாளர்கள் இப்படி ஓர் ஓடையைப் பல வருஷம் ஆராய்ந்து 2007-ல் எழுதியதை அன்று இரவே மறுபடி எடுத்துப் படித்தேன். மரபணு வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கும் நொதிகளில், இரு கரைச் செடிகளுக்கும் வேறுபாடே தெரியவில்லை. நிறம் மட்டும் ஓடையோடு சட்டென்று மாறுகிறது. கரை மாற்றி வளர்த்துப் பார்த்தபோது, அந்தந்த இடத்து நிறமே அங்கே நன்றாகத் தாக்குப்பிடித்தது. வசந்த மழை குறைந்த வருஷம் நீலம் அதிக விதை தரும், நிறைந்த வருஷம் வெள்ளை தரும் என்று 2001-லேயே காட்டியிருந்தார்கள். ஆக, நிலம் செடிகளைப் பிரித்து வைப்பதோடு நிற்பதில்லை, இங்கே யார் பிழைக்கலாம் என்றும் தேர்ந்தெடுக்கிறது. என் மீட்டர் கணக்கில் இதற்கு இடமே இல்லை.

அப்புறம்தான் உறைத்தது. முதல் வாரம் சேகரித்த உறைகளில் எண் இருக்கிறது, பூவின் நிறம் இல்லை. நான் எழுதவே இல்லை. இலை காய்ந்தபின் எதைப் பார்த்துச் சொல்வது? இரண்டு வாரம் கழித்து அதே இடங்களுக்குத் திரும்பிப் போனேன். பூ ஒன்றுகூட இல்லை, பழுப்பு நிறத்தில் நூல் நூலாகச் சருகு மட்டும். அத்தனை உறைகளையும் ஒதுக்கி வைக்க வேண்டியதாயிற்று. இன்றும் அதை நினைத்தால் மனசு வலிக்கிறது.

இப்போது உறையில் ஜிபிஎஸ் எண்ணுக்கு முன்னால் மூன்று விஷயம் எழுதுகிறேன்: பூவின் நிறம், எந்தக் கரை, காலடியில் மண் எப்படி இருக்கிறது.