சவுக்குத் தோப்புக்கு ஆடிட்டர் வந்த கதை

"நாளைக்கு ஆடிட்டர் வர்றார்" என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "நமக்கு ஏதுடா இன்கம்டாக்ஸ்?" என்பதுதான். இது மரத்துக்கான ஆடிட் என்று விளக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

கடலூர் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் சவுக்கு. நாலு வருஷத்துக்கு ஒருமுறை வெட்டிக் காகித மில்லுக்கு அனுப்புகிறோம். மில்லின் காகிதத்தை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள், பொறுப்பாக வளர்த்து வெட்டிய மரம் என்று காட்டும் எஃப்.எஸ்.சி. (Forest Stewardship Council என்ற சர்வதேச அமைப்பு) முத்திரை கேட்பதால், மில்காரர்கள் விவசாயிகளைக் குழுவாகச் சேர்த்து வனச் சான்றிதழ் வாங்கித் தருகிறார்கள். எங்கள் ஊரில் பதினாலு பேர் சேர்ந்தோம். கொஞ்சம் படித்தவன் என்பதால் ஃபைல் என் தலையில் விழுந்தது.

1992 ரியோ மாநாட்டில் காடுகளுக்கென்று கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் உருவாகவில்லை. அந்த ஏமாற்றத்துக்குப் பிறகு 1993-ல் தொடங்கியதுதான் எஃப்.எஸ்.சி. அவர்கள் பத்துக் கோட்பாடுகளை வகுத்திருக்கிறார்கள். அவற்றின் கீழே ஒரு புத்தகம் அளவுக்கு விதிகள். ஆனால் சான்றிதழை அவர்கள் நேரடியாகக் கொடுப்பதில்லை. அங்கீகாரம் பெற்ற தனி நிறுவனத்தின் ஆட்கள் வந்து பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஐந்து வருஷத்துக்குச் செல்லும், வருஷா வருஷம் கண்காணிப்பு ஆடிட் உண்டு. குழு என்றால் எல்லாத் தோப்புக்கும் வரமாட்டார்கள், உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை வைத்துக் கணக்குப் போட்டுச் சில தோப்புகளைப் பொறுக்குவார்கள். அந்தச் சிலதில் எங்களுடையதும் மாட்டியது.

வந்தவர்கள் இரண்டு பேர், ஒருவருக்குத்தான் தமிழ் தெரியும். முதல் கேள்வியே, "சவுக்குக்கு முன்னாடி இங்கே என்ன இருந்தது?" இயற்கைக் காட்டை அழித்து நட்ட தோப்பா என்று பார்க்கிறார்கள். 1994 டிசம்பர் முதல் 2020 கடைசிவரை அழித்திருந்தால் அதற்கு ஈடு செய்தாக வேண்டும், அதற்கும் பிறகு என்றால் சான்றிதழே கிடையாது என்பது பொதுவிதி.

எங்களிடம் இருந்தது முந்திரி. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரை கடந்தபோது ஒரு மரம் மிச்சமில்லாமல் சாய்ந்தது. மறுபடி முந்திரி வைத்துக் காய்ப்புக்குக் காத்திருக்க வழியில்லாமல்தான் அப்பா சவுக்குக்கு மாறினார். இதை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆடிட்டருக்குக் காகிதம் வேண்டுமே! வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு மூன்று நடை நடந்து வாங்கிவைத்திருந்த பழைய அடங்கல் நகலைக் காட்டினேன், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கு அது. ‘முந்திரி’ என்று கையெழுத்தில் இருந்தது. ஆடிட்டர் லேப்டாப்பைத் திறந்து கூகுள் எர்த்தில் பழைய வருஷங்களுக்குப் போனார். எங்கள் நிலம் பச்சைப் பச்சைப் புள்ளிகளாகத் தெரிந்தது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு முந்திரி மரம். அப்பா திரையில் விரலை வைத்து, "இதுதான் கிணத்தோரத்து மரம்" என்றார். ஆடிட்டர் கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை.

அடுத்து மோட்டார் கொட்டகையைத் திறக்கச் சொன்னார். அங்கேதான் வம்பு. மூலையில் பாதி தீர்ந்த குருணை மருந்துப் பாக்கெட், கார்போஃப்யூரான். சவுக்குக்குப் போட்டதில்லை, பக்கத்துக் கத்தரிக்கு வாங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் 1பி வகுப்பு, அதாவது கடும் ஆபத்தான ரகம். இந்த மாதிரி மருந்துகளுக்கு எஃப்.எஸ்.சி. நிலத்தில் கடும் கட்டுப்பாடு. "கத்தரிக்குத்தான் சார்" என்றேன். "இருக்கட்டும். பூட்டு எங்கே, பதிவேடு எங்கே, காலி டப்பாவெல்லாம் எங்கே போகுது?" என்றார். காலி டப்பாவில் ஒன்று கொட்டகை வாசலிலேயே, உப்பு போட்டுவைக்கும் டப்பாவாக உட்கார்ந்திருந்தது. அம்மா அதை முந்தானையில் மறைத்துக்கொண்டு நகர்ந்ததை அவர் பார்த்தாரா இல்லையா என்று இன்றுவரை தெரியாது.

தோப்பில் நட்டிருப்பது குளோன் கன்று என்றதும், அது மரபணு மாற்றமா என்று ஒரு சந்தேகம் வந்தது. குச்சியை வெட்டி வேர்விட வைப்பதுதான் என்று குழு மேலாளர் சொன்னதும் தீர்ந்தது.

மரத்தைப் பார்ப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். மரத்தைப் பார்த்தது பத்து நிமிடம் இருந்தால் அதிகம். பக்கத்துத் தோப்பில் வெட்டு நடந்துகொண்டிருந்தது, அங்கே இரண்டு மணி நேரம் நின்றார்கள். மெஷின் வாள் பிடித்தவர் காலில் ரப்பர் செருப்பு. மில் கொடுத்த ஹெல்மெட்டும் பூட்ஸும் பிரிக்காத கவரோடு மரத்தடியில் கிடந்தன. அதை எழுதிக்கொண்டார்கள். அப்புறம் மிலாறு (சவுக்கின் சிறு கிளை, குச்சி) கட்டிக்கொண்டிருந்த பெண்களிடம் போய், எங்களையும் மேஸ்திரியையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் பேசினார்கள்.

வெட்டுக்கு நாங்கள் டன் கணக்கில் மேஸ்திரியிடம் பேசிவிடுவோம். அவர் யாருக்கு எவ்வளவு கொடுக்கிறார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கட்டை அடுக்குவதில் ஆணும் பெண்ணும் ஒன்றாகத்தான் நிற்கிறார்கள். கூலி மட்டும் வேறு வேறு. சாயந்திரக் கூட்டத்தில் ஆடிட்டர் அதைச் சொன்னபோது, "ஊர் வழக்கம் சார்" என்று ஒருவர் இழுத்தார். மேஸ்திரி, "சமமாக் கொடுக்கணும்னா நான் ஆம்பளைங்களை மட்டும் கூட்டிட்டு வந்துடுவேன்" என்றார். அந்தப் பேச்சுக்கு விதிப்புத்தகத்தில் பதில் இருக்கிறதா என்று நான் தேடவில்லை. இருந்தாலும் மேஸ்திரி படிக்கப்போவதில்லை.

முடிவில் பெரிய குறை எதுவும் இல்லை. சின்னக் குறைகள் மூன்று: மருந்துப் பதிவேடு, பாதுகாப்புக் கருவி, கூலி ஆவணம். சின்னக் குறைக்குப் பொதுவாக ஒரு வருஷ அவகாசம், பெரியது என்றால் மூன்று மாதம்தான். சான்றிதழ் வந்தது. விலை என்னவோ பழைய விலைதான். முத்திரைக்கு என்று டன்னுக்கு இவ்வளவு கூடுதல் என எழுத்தில் எதுவும் எங்களுக்கு வரவில்லை. கேட்டால், வாங்குவது உறுதி என்பதே லாபம்தானே என்கிறார்கள். சரி, அது பொய்யும் இல்லை.

கொட்டகைக்குப் பூட்டு வந்துவிட்டது, அம்மாவின் உப்பு எவர்சில்வருக்கு மாறிவிட்டது. போன வெட்டிலிருந்து மேஸ்திரி நோட்டு போடுகிறார். பெயர், நாள், கூலி, எதிரே கைநாட்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகைதான் எழுதியிருக்கிறது. அடுத்த ஆடிட்டுக்கு முன்னால் அந்தப் பெண்களிடம், கையில் எவ்வளவு வருகிறது என்று ஒருமுறை கேட்க வேண்டும். மேஸ்திரியைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு.