பால் கணக்கு மிட்லெட்: எழுத்துரு நிலை முடிந்தது

128×128 பிக்சல் திரை கொண்ட பழைய நோக்கியா சீரிஸ் 40 வகைக் கைபேசி ஒன்றில், அதன் மொழிப் பட்டியலில் தமிழே இல்லாத நிலையிலும், "காலை", "மாலை", "இம்மாத மொத்தம்" என்ற வரிகள் இப்போது கொம்பும் காலும் இடம் மாறாமல் தெளிவாகத் தெரிகின்றன. பெரியப்பாவுக்காக எழுதிவரும் பால் கணக்கு மிட்லெட்டில் (மிட்லெட் என்பது இத்தகைய கைபேசியில் இயங்கும் சிறு ஜாவா செயலி) நெடுநாளாகத் தள்ளிக்கொண்டே போன வேலை இது. கணக்கைச் சேமிக்கும் பகுதி இன்னும் முடியவில்லை என்றாலும், எழுத்துரு வேலை முடிந்த மகிழ்ச்சியில் இதை முதலில் பதிவு செய்கிறேன்.

கைபேசி வளைகுடாவிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்தது. அதில் அரபியும் ஆங்கிலமும் மட்டுமே உண்டு. பெரியப்பா தொடுதிரைக்கு மாற மறுப்பதற்குச் சரியான காரணம் இருக்கிறது: பால் கறந்த ஈரக் கையோடு பொத்தானை அழுத்த முடியும், தொடுதிரை அந்தக் கைக்குச் சரியாக இயங்காது. ஆகவே சிறு கருவிகளுக்கான ஜாவாவின் தரங்களான சி.எல்.டி.சி. 1.1, எம்.ஐ.டி.பி. 2.0 என்ற எல்லைக்குள்ளேயே வேலை செய்வது என்று முடிவு செய்தேன்.

தொகுக்கும் முறை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஜாவா நிரலைத் தொகுக்கும் கருவித்தொகுப்பான ஜே.டி.கே.யில், 9-ஆம் பதிப்பு முதல் ஜாவா 1.5-உம் அதற்கு முந்தைய இலக்குகளும் நீக்கப்பட்டுவிட்டதால் ஜே.டி.கே. 8-ஐ விடாமல் வைத்திருக்கிறேன். மூலமும் இலக்கும் 1.3. இலக்கை 1.5-க்கு உயர்த்தினால், சரங்களை இணைக்கும் ஒவ்வோர் இடத்திலும் கம்பைலர் ஸ்ட்ரிங்பில்டர் வகுப்பை அழைக்கும். அந்த வகுப்பு சி.எல்.டி.சி.யில் கிடையாது. வகுப்புக் கோப்புகள் பிழையற்றவையா என்று கைபேசிக்கு அனுப்பும் முன்பே பார்க்கும் முன்சரிபார்ப்பை, ப்ரோகார்ட் என்ற கருவியின் மைக்ரோஎடிஷன் விருப்பமே செய்துவிடுகிறது.

அந்த முன்சரிபார்ப்பைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் எழுத்துருச் சிக்கலுக்கு வழி அங்கிருந்துதான் கிடைத்தது. 2000-இல் வெளிவந்த சி.எல்.டி.சி. 1.0, மொத்தமே 160 கிலோபைட் நினைவகம் உள்ள கருவிகளையும் கருத்தில் கொண்டு எழுதப்பட்டது, கே.வி.எம். என்ற அதன் மெய்நிகர் இயந்திரத்தின் பெயரில் உள்ள 'கே' கிலோபைட்டைக் குறிப்பது. மேசைக் கணினியில் நடப்பதுபோல் ஒவ்வொரு வகுப்பையும் திரும்பத் திரும்ப அலசி வகைகளைக் கண்டறிய அத்தகைய கருவியில் நினைவகமும் இல்லை, வேகமும் இல்லை. ஆகவே அந்த அலசலைக் கணினியிலேயே செய்து, கண்டறிந்தவற்றை ஸ்டாக்மேப் என்ற குறிப்பாக வகுப்புக் கோப்பிலேயே பதித்துவிடுகிறார்கள். கைபேசி அதை ஒரே நேர்கோட்டில் படித்து ஒப்பிட்டால் போதும். பின்னாளில் ஜாவா 6 இதே கருத்தைப் பெரிய கணினிகளுக்கும் எடுத்துக்கொண்டது. கனமான வேலையைத் தொகுக்கும்போதே முடித்துவிட்டு, மிக எளிய வேலையை மட்டும் கருவிக்கு விடுவது என்ற இந்த ஒழுங்கைவிடச் சிறந்த அமைப்பை இத்தகைய சிறு கருவிகளில் நான் கண்டதில்லை.

தமிழுக்கும் இதையே செய்தேன். கைபேசியில் யூனிகோடு வரியைக் கொடுத்து, கொம்பை முன்னே நகர்த்தி, ஓகாரத்தை இரண்டாகப் பிரித்து, உகர வடிவம் தேடும் நிரல் எதுவும் இல்லை. எல்லாம் கணினியில் ஒரு சிறு பைத்தான் நிரலில் நடக்கிறது. ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம் என்பதால், அந்த நிரல் முதலில் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. பிறகு திரையில் இடமிருந்து வலமாக வரையவேண்டிய வடிவங்களின் எண்களை, வடிவத்துக்கு ஒரு பைட் வீதம் எழுதிவைக்கிறது. "கோ" யூ.டி.எஃப்-8-இல் 6 பைட், என் கோப்பில் 3. "கு" அங்கே 6, இங்கே 1. மெய் 18, கிரந்தம் 5, ஆக 23 எழுத்துகளுக்கு அகரம், புள்ளி வைத்த மெய், இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என 6 வடிவங்கள்: 138. உயிர் 12, ஆய்தம் 1, கால், இரு கொம்புகள், ஐகாரக் குறி என 4, ஸ்ரீ 1 சேர்த்து 156. ஔகாரத்தின் பின்பகுதிக்கு ளகர வடிவமே போதும். 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு இந்த இடத்தில் நன்றி சொல்ல வேண்டும். பழைய ணை, லை, ளை, னை, ணா, றா, னா ஆகியவற்றுக்குத் தனித்தனி வடிவங்கள் வரையவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

இனி நினைவகம். பலரும் செய்வதுபோல் எல்லா வடிவங்களையும் ஒரே பி.என்.ஜி. படத்தில் அடுக்கி, படத்தின் ஒரு துண்டை மட்டும் வரையும் ட்ராரீஜியன் கட்டளை கொண்டு வெட்டி ஒட்டிப் பார்த்தேன். சராசரி அகலம் 16, உயரம் 20 என்றால் 156 வடிவங்களுக்கு 49,920 பிக்சல்; பி.என்.ஜி. கோப்பு சிறிதாக இருந்தாலும், படம் விரிந்தபின் பிக்சலுக்கு 2 பைட் வீதம் ஏறத்தாழ 100 கிலோபைட் ஆகிறது. தேர்ந்தெடுத்த வரியை நிறம் மாற்றிக் காட்ட இன்னொரு படம் வேண்டும். இதைத் தாங்கும் நினைவகம் அந்தக் கைபேசியில் இல்லை. இப்போது வடிவங்கள் பிக்சலுக்கு ஒரு பிட் வீதம் 6,240 பைட்டில் அடங்குகின்றன. 128×20 அளவுள்ள ஒரே ஓர் எண்வரிசையை, அதாவது எண்ணுக்கு 4 பைட் வீதம் 10,240 பைட்டை, ஒரு முறை மட்டும் ஒதுக்கி, ஒரு வரிக்கான பிட்களை அதில் விரித்து, முழு வரியையும் பிக்சல் நிறங்களை வரையும் ட்ராஆர்ஜிபி கட்டளையின் ஒரே அழைப்பில் திரைக்கு அனுப்புகிறேன். நிறம் மாற்ற இரண்டு எண்களை இடம் மாற்றினால் போதும். வடிவத்துக்கு ஓர் அழைப்பு என்று அனுப்பியபோது கண்ணுக்குத் தெரிந்த தடுமாற்றம் இப்போது அறவே இல்லை.

மிகுந்த நேரம் எடுத்தது வடிவங்களைக் கையால் வரைந்த வேலை. 20 பிக்சல் உயரத்தில் மேலே 4, உடலுக்கு 11, கீழே 5 என்று பிரித்தேன். "கி", "கீ" இரண்டையும் 4 பிக்சலில் வேறுபடுத்துவதுதான் உண்மையான சோதனை: ஈகாரத்தின் சுழியை மூடி வரைந்தால் நடுவில் ஒரு பிக்சல் வெளிச்சம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் கறுப்புப் பொட்டாகி, மெய்ப்புள்ளியோடு குழம்பிவிடுகிறது. ஆகவே மெய்ப்புள்ளியை 2×2 சதுரமாக உடலிலிருந்து ஒரு பிக்சல் விலக்கி வைத்தேன். சுழியை 4×4 வளையமாக்கினேன். "வெள்ளிக்கிழமை" 9 வடிவங்கள் கொண்டது. சராசரிப்படி 144 பிக்சல் வேண்டும், திரையோ 128. எழுத்தை நெருக்கி அதன் அழகைக் கெடுக்க மனம் வரவில்லை. கிழமைகளை "வெள்ளி", "சனி" என்றே காட்டுகிறேன், வீட்டிலும் அப்படித்தானே சொல்கிறோம்.

இதே 6,240 பைட் அட்டவணையை அடுத்து ஈ.எஸ்.பி.32 என்ற சிறு மின்னணுப் பலகையில், சிறு கருவிகளுக்கான பைத்தானாகிய மைக்ரோபைத்தானோடு பயன்படுத்தப்போகிறேன். 128×64 ஓ.எல்.இ.டி. திரையில் மூன்று வரிகள் வரும். மாட்டுக்கொட்டகைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் காட்ட அது தாராளம். அதற்காக வாங்கிய திரை, எஸ்.எஸ்.டி.1306 என்ற இயக்குச் சில்லு கொண்டது என்று சொல்லி விற்கப்பட்டு, எஸ்.எச்.1106 சில்லோடு வந்து சேர்ந்தது. பின்னதன் நினைவகம் 132 நெடுவரிசை அகலமுடையது, ஆகவே படம் இரண்டு நெடுவரிசை தள்ளி விழுந்து, ஓரத்தில் குப்பைப் பிக்சல்கள் தெரிகின்றன. ஓட்டுநிரலை மாற்றினால் சரியாகிவிடும் என்றாலும், சில்லின் பெயரை மாற்றிச் சொல்லி விற்பது வாங்குபவரின் உழைப்பை வீணடிக்கும் செயல். 1.3 அங்குலத் திரை வாங்குவோர் சில்லின் பெயரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மிட்லெட்டில் மீதமிருப்பது ஆர்.எம்.எஸ். சேமிப்பு, அதாவது தரவைக் கைபேசியில் பதிவுகளாக வைக்கும் பகுதி. பாலை 10 மில்லிலிட்டர் அலகில் 2 பைட் எண்ணாக வைத்தால், நாளுக்கு இரு வேளை, 31 நாளுக்கு 124 பைட். ஒரு மாதம் ஒரே பதிவுக்குள் அடங்கும். பணக்கணக்கு முழுவதும் பைசாவில், லாங் என்ற பெரிய முழு எண்களில் நடக்கும், சி.எல்.டி.சி. 1.1 தசம எண்களைத் தந்தாலும் பணத்துக்கு அவற்றைத் தொடமாட்டேன். பதிவை எழுதும் நொடியில் மின்கலத்தைக் கழற்றினால் பழைய 124 பைட்டும் தப்புகின்றனவா என்பதைத்தான் அடுத்துச் சோதிக்கப்போகிறேன். தப்பாவிட்டால் ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டு பதிவுகள் வைத்து, மாற்றி மாற்றி எழுதும்படி அமைத்துவிட்டுத்தான் கைபேசியைப் பெரியப்பாவிடம் கொடுப்பேன்.