வளாகத்தின் பின்வாசல் எங்கள் தெருவில்

எங்கள் குடியிருப்பை ஒட்டிக் கிடந்த ஒரு ஹெக்டேர் காலி நிலத்தில் பெரிய வணிக வளாகம் கட்ட விண்ணப்பம் போட்டிருந்தார்கள். குடியிருப்புப் பகுதி என்று வகைப்படுத்தப்பட்ட நிலம் அது. அதை வணிகப் பகுதியாக மாற்ற வேண்டும், கட்டட அனுமதியும் வேண்டும் என்று சேர்த்தே கேட்டிருந்தார்கள். ஆட்சேபனை இருந்தால் குறித்த தேதிக்குள் எழுத்தில் தரலாம் என்று அறிவிப்பின் கடைசி வரி சொன்னது. அங்கிருந்து இறுதி ஆணை வரை நாங்கள் போன வழியை எழுதி வைக்கிறேன். இப்படி ஓர் அறிவிப்பு உங்கள் தெருவில் ஒட்டப்பட்டால் எதை முதலில் பார்ப்பது என்று தெரிந்திருப்பது நல்லது.

முதல் கூட்டத்தில் எல்லோருக்கும் கோபம். வரவே கூடாது என்றார்கள் பலர். வீட்டு மதிப்பு விழுந்துவிடும், பக்கத்துச் சின்னக் கடைகள் நசிந்துவிடும், மாடியில் இருந்து வெளி தெரியாமல் போய்விடும் என்று ஆளுக்கொரு காரணம். அந்தக் கவலைகள் எல்லாம் உண்மையானவைதான். ஆனால் திட்ட அனுமதி தருகிற இடத்தில் எல்லாக் கவலைக்கும் ஒரே எடை கிடைப்பதில்லை. இங்கிலாந்து மாதிரி இடங்களில் வீட்டு விலை குறைவதையும் தனிப்பட்ட ஒருவர் வீட்டுக் காட்சி மறைவதையும் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. போக்குவரத்து, சத்தம், வெளிச்சம், வடிகால், நிலப் பயன்பாட்டுத் திட்டத்தோடு பொருந்துகிறதா என்பவைதான் அங்கே பேசும். அதனால் எங்கள் பட்டியலை அந்தப் பக்கம் திருப்பினோம்.

எதிர்ப்பில்லாதவர்களும் தெருவில் இருந்தார்கள். வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு தம்பி, “அங்க எனக்கு வேலை கிடைச்சா நீங்க சந்தோஷப்பட மாட்டீங்களா அண்ணா?” என்று என்னிடம் நேராகவே கேட்டான். தூரம் நடக்க முடியாத ஒரு பாட்டிக்குக் கடை பக்கத்தில் வருவது பெரிய நிம்மதி. இவர்களைத் தெருவுக்கு எதிரானவர்கள் என்று சிலர் பேச ஆரம்பித்தபோது நான் மறுத்தேன். இன்னமும் மறுப்பேன். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. என்ன வருகிறது, எவ்வளவு பெரிதாக வருகிறது, எங்கள் பக்கம் எதைத் திருப்பி வைக்கிறார்கள் என்று பார்த்த பிறகு முடிவு செய்யலாம் என்று கூட்டத்தில் ஒத்துக்கொண்டோம்.

அதற்குக் கோப்பு வேண்டும். நகரமைப்பு அலுவலகத்தில் வாயால் கேட்டபோது “அப்புறம் வாங்க” என்றார்கள். எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிய பிறகுதான் கோப்பு மேஜைக்கு வந்தது. மனை வரைபடம், மாடி வரைபடங்கள், போக்குவரத்துத் தாக்க ஆய்வு, ஒலி ஆய்வு, வடிகால் கணக்கு எல்லாம் அதில் இருந்தன. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற வரைவாளர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் மாமா. அவர் முதலில் கட்டடத்தின் முகப்பைப் பார்க்கவே இல்லை. வளாகத்தின் பின்பக்கத்தைத்தான் விரலால் தேடினார்.

“சரக்கு எங்க இறங்குதுன்னு பாருப்பா. கடைக்கு வர்றவங்க ராத்திரி வீட்டுக்குப் போயிடுவாங்க. லாரி போகாது.”

வரைபடம் 1:500 அளவில் இருந்தது. தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஐந்து மீட்டர். சரக்கு இறக்கும் மேடைக்கும் கடைசி வீட்டின் படுக்கையறைச் சுவருக்கும் நடுவே அவர் அளவுகோலை வைத்தார். 2.4 சென்டிமீட்டர். அதாவது 12 மீட்டர். அந்த வீட்டில் இரவுப் பணி பார்க்கிற செவிலியர் அக்கா ஒருவரும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள். முகப்பு அழகாகப் பிரதான சாலையைப் பார்த்தது. குப்பை அறை, ஜெனரேட்டர், குளிர்சாதனப் பொறிகள், லாரி திரும்புகிற இடம் எல்லாம் எங்கள் பக்கம்.

பெரிய கடைகளின் வேலைமுறையே அப்படித்தான். கதவு திறப்பதற்குள் அலமாரி நிறைந்திருக்க வேண்டும் என்பதால் சரக்கு விடியலுக்கு முன்பே வந்துவிடும். குளிரூட்டிய லாரி சும்மா நின்றாலும் அதன் குளிர்ப்பொறி ஓடிக்கொண்டே இருக்கும். இரும்புத் தட்டில் தள்ளுவண்டி ஏறி இறங்கும் சத்தம் தனி, ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் பீப் தனி.

ஒலி ஆய்வு அறிக்கையோ எல்லாம் வரம்புக்குள் என்று முடித்திருந்தது. அதைப் பிரித்துப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவர்கள் கொடுத்திருந்தது ஒரு மணி நேரச் சராசரி. 80 டெசிபெல் சத்தம் ஐந்து நொடி எழுந்து மீதி நேரம் முழுக்க அமைதியாக இருந்தால், அந்த ஒரு மணி நேரத்தின் சராசரி கிட்டத்தட்ட 51 டெசிபெல் என்று வரும். தாளில் அது ஒன்றுமில்லாததாகத் தெரியும். தூங்குகிற குழந்தையை எழுப்புவது அந்த ஐந்து நொடிதான். உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டலில் இரவில் படுக்கையறைக்குள் தொடர்ச்சியான சத்தத்துக்கு 30 டெசிபெல் என்றும், தனித்தனியாக எழும் சத்தத்துக்கு 45 டெசிபெல் என்றும் இரண்டு அளவுகளைச் சொல்லியிருக்கிறது. இரண்டாவது அளவைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. எங்கள் ஆட்சேபனையில் அதைத்தான் முதலில் வைத்தோம்.

கூடவே ஒரு மாற்றும் சொன்னோம். திறந்த வெளியில் ஓரிடத்தில் இருந்து எழும் சத்தம், தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 6 டெசிபெல் குறையும். மேடையை 12 மீட்டரில் இருந்து 48 மீட்டருக்குத் தள்ளினால் 12 டெசிபெல் குறைகிறது. காதுக்கு அது பாதிக்கும் கீழே. கட்டடமே நடுவில் நின்று மறைத்தால் இன்னும் குறையும். மேடையைச் சாலைப் பக்கம் கொண்டுபோவதற்கு அவர்களுக்கு அழகுக் காரணத்தைத் தவிர வேறு தடை இருப்பதாக வரைபடத்தில் தெரியவில்லை.

போக்குவரத்து அறிக்கையைச் சில அம்மாக்கள் எடுத்துக்கொண்டார்கள். வாகனக் கணக்கெடுப்பு ஒரு புதன்கிழமை நடந்திருந்தது. கடைக்குக் கூட்டம் சேர்வதோ வார இறுதியில். கடைக்கு வருகிற வண்டிகளில் ஒரு பங்கு எப்படியும் அந்தச் சாலையில் போகிறவைதான், புதிதாக வருபவை அல்ல என்று கழித்திருந்தார்கள். சாலையின் மொத்த நெரிசலுக்கு அந்தக் கழிவு சரி. ஆனால் வளாக வாசலில் திரும்பும் வண்டிகளின் எண்ணிக்கை அதனால் ஒன்றுகூடக் குறையாது, ஏனென்றால் போகிற வழியில் வருபவரும் அங்கே திரும்பித்தானே ஆக வேண்டும். நடந்து போகிறவர்களை அறிக்கை எண்ணவே இல்லை. அம்மாக்கள் முறை வைத்துத் தெருமுனையில் நின்று, பொறியாளர்கள் செய்வதுபோல 15 நிமிடத்துக்கு ஒரு கட்டமாக எண்ணினார்கள். தனியாக நடக்கும் குழந்தைகள், பெரியவர் கையைப் பிடித்தவர்கள், சைக்கிள், சக்கர நாற்காலி என்று தனித்தனிப் பத்தி. பள்ளி விடும் நேரக் கட்டங்கள் நிரம்பி வழிந்தன.

அந்த வேலைக்கு நடுவில்தான் ஓர் அக்கா முக்கியமான ஒன்றைக் கண்டுபிடித்தார். மனை வரைபடத்தில் எங்கள் தெருவுக்குத் திறக்கும் ஆறு மீட்டர் கேட் ஒன்று இருந்தது. அதன் மேல் “அவசர வழி” என்று எழுதியிருந்தது. போக்குவரத்து அறிக்கையின் பின்னிணைப்பில், வளாகத்தை விட்டு வெளியே போகும் வண்டிகளில் கால்வாசி அதே கேட் வழியாகப் போவதாகக் கணக்கு. ஒரே கோப்பில் ஒரு தாள் சொல்வதை இன்னொரு தாள் மறுத்தது. பிரதான சாலைச் சந்திப்பில் நெரிசல் வராது என்ற அவர்களுடைய முடிவே அந்தக் கால்வாசி வண்டிகளை எங்கள் தெருவில் இறக்கிவிட்ட பிறகு வந்த முடிவு. எனக்கு இந்த முழு விவகாரத்திலும் மறக்க முடியாத கணம் அதுதான். பொறியியல் படிக்காத ஒருவர், இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொறுமையாகப் படித்ததால் கிடைத்தது அது.

வடிகால் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு ஹெக்டேரில் 50 மில்லிமீட்டர் பெய்தால் ஐந்து லட்சம் லிட்டர். மண்ணாக இருந்தவரை ஒரு பகுதி உள்ளே இறங்கியது. கூரையும் வாகன நிறுத்தமுமாக மூடிவிட்டால் அது நேராகத் தாழ்வான எங்கள் பக்கம்தான் வரும். தண்ணீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடுகிற தொட்டி எங்கே, அதன் கொள்ளளவு என்ன என்று கேட்டோம்.

எழுதும்போது எங்களுக்குள் பெரிய விவாதம். நிபந்தனை கேட்டால் பாதி சம்மதித்த மாதிரி ஆகிவிடாதா என்று சிலர் பயந்தார்கள். கேட்காமல் இருந்து அனுமதி கிடைத்துவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது என்பது மற்றவர்கள் வாதம். நான் இரண்டாவது பக்கம். கடைசியில் இரண்டையும் ஒரே மனுவில் அடுக்கினோம். முதல் பகுதியில் நில வகை மாற்றத்துக்கு எங்கள் எதிர்ப்பு. அடுத்த பகுதியில், “மேற்கண்ட ஆட்சேபனைக்குப் பாதகமின்றி” என்று தொடங்கி, அனுமதி தருவதானால் என்னென்ன நிபந்தனைகள் வேண்டும் என்ற பட்டியல். ஒரே வாசகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுவதோடு நிறுத்தாமல், வீட்டுக்கு வீடு தனிக் கடிதமும் எழுதினோம். செவிலியர் அக்கா தன் தூக்கத்தைப் பற்றி எழுதினார். சக்கர நாற்காலியில் போகும் ஐயா நடைபாதை எங்கே அறுபடுகிறது என்று படம் வரைந்து கொடுத்தார். வேலை தேடிய அந்தத் தம்பியும் எழுதினான். வளாகம் வரட்டும், பின்பக்கக் கேட் வேண்டாம் என்று. அவன் கடிதத்தை நாங்கள் பெருமையோடு சேர்த்துக் கொடுத்தோம்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒருவருக்கு மூன்று நிமிடம். எல்லோரும் எல்லாவற்றையும் பேசினால் எதுவும் நிற்காது என்று ஆளுக்கொரு தலைப்பாகப் பிரித்துக்கொண்டோம். கேட்டைக் கண்டுபிடித்த அக்கா இரண்டு தாள்களின் நகலையும் மேஜையில் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இது அவசர வழியா, தினசரி வழியா?” தலைவர் அதே கேள்வியை விண்ணப்பதாரரின் ஆலோசகரிடம் திருப்பினார். அவர் பக்கங்களைப் புரட்டினார், உதவியாளரைப் பார்த்தார், பிறகு சரிபார்த்துச் சொல்வதாகச் சொன்னார். அன்றைக்கு முடிவு எடுக்கப்படவில்லை. திருத்திய வரைபடமும் வார இறுதிக் கணக்கெடுப்பும் கேட்டு ஒத்திவைத்தார்கள்.

அடுத்து வந்த வரைபடத்தில் கட்டடம் சிறியதாகியிருந்தது. சரக்கு மேடை சாலைப் பக்கம் போயிருந்தது, எங்கள் பக்கக் கேட் இல்லை. விண்ணப்பதாரர் தரப்பில் ஒருவர் நேரில் வந்து இரவில் லாரி வராமல் பார்த்துக்கொள்கிறோம் என்று மரியாதையாகவே சொன்னார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அந்த வாக்கு யாரிடம் இருக்கும்? ஆணையில் நிபந்தனையாக ஏறினால்தான் மீறும்போது நடவடிக்கை கேட்க முடியும். அதனால் நேரம், அளவு, யாரிடம் புகார் என்ற மூன்றும் எழுத்தில் வரவேண்டும் என்று விடாப்பிடியாக நின்றோம்.

இறுதி ஆணை எங்கள் முதல் கோரிக்கையை ஏற்கவில்லை. முன்பகுதி வணிகப் பகுதியாக மாறியது. எங்கள் வீடுகளை ஒட்டிய பட்டை மட்டும் மரம் வளர்க்கும் இடைவெளியாக ஒதுக்கப்பட்டது. இரவு 9 முதல் காலை 7 வரை வளாகத்துக்குள் சரக்கு வாகனம் நுழையக் கூடாது. விளக்குகள் கீழ்நோக்கி, ஒளி வெளியே சிதறாத மூடியோடு இருக்க வேண்டும். வளாகத்துக்குள் ஓடும் வண்டிகளுக்குக் கூர்மையான பீப்புக்குப் பதில் ‘ஷ்ஷ்’ என்று ஒலிக்கும் அகன்ற அலைவரிசை ஒலிப்பான் வைக்க வேண்டும். மழைநீர்த் தொட்டி முடிந்து சோதித்த பிறகுதான் திறப்பு. கட்டுமான நேரமும் தூசிக் கட்டுப்பாடும் தனியாக இருந்தன. வரவே கூடாது என்று கடைசிவரை நின்றவர்களுக்கு இது தோல்விதான், அவர்கள் வருத்தத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். கடைசி வீட்டுக் குழந்தைகள் தூங்குகிறார்கள் என்பதால் எனக்கு இது போதுமான வெற்றி.

வளாகம் இப்போது திறந்தாகிவிட்டது. தம்பிக்கு அங்கே வேலை கிடைத்தது. ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. ஆணை வளாகத்துக்குள் நுழைவதைத்தான் தடுக்கிறது. ஏழு மணிக்கு உள்ளே போகக் காத்திருக்கும் லாரிகள் ஆறு மணிக்கே தெருமுனையில் வந்து, குளிர்ப்பொறி ஓட நிற்கின்றன. சுற்றுத் தெருக்களையும் சேர்க்க வேண்டும் என்று நாங்கள் மனுவில் கேட்டிருந்தோம், ஆணையில் அது வரவில்லை. தெரு பொதுச் சாலை என்பதால் இதற்கு நகரமைப்பு அலுவலகம் போதாது, போக்குவரத்துக் காவல் பிரிவுதான் நிறுத்தத் தடை அறிவிக்க வேண்டும். தேதி, நேரம், நின்ற இடத்தோடு பதிவேடு வைத்து, புகைப்படங்களும் இணைத்து மனு கொடுத்திருக்கிறோம். இந்த முறையும் முத்திரை வாங்கியாயிற்று. இடத்தைப் பார்வையிட அடுத்த வாரம் அதிகாரி வருகிறார். காலை ஆறு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறோம்.