அம்மாமாரின் கையிலிருக்கும் படத்தைப் பிரதி எடுக்கும்போது

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் போராட்டத்தில் குந்திய நாளிலிருந்து, அங்கே போன எல்லாரும் எடுத்தது ஒரே மாதிரியான படத்தைத்தான்: மகனின் படத்தை நெஞ்சோடு பிடித்திருக்கும் தாயின் முகம். அந்தக் கையில் இருக்கிற படம் பல வீடுகளில் ஒரேயொரு பிரதி. 2009இல், போரின் கடைசியில், பொலித்தீன் பையில் சுற்றி, இடத்துக்கு இடம் தூக்கி, முள்ளிவாய்க்காலும் சனத்தை அடைத்துவைத்த செட்டிகுளம் முகாமும் தாண்டி வந்தது. ஒவ்வொரு மாரிக்கும் ஓரத்திலிருந்து பூஞ்சணம் ஏறுகிறது. முகத்தை எடுக்க முதல் அந்தப் படத்தை ஒழுங்காகப் பிரதி எடுத்துக் கொடுப்பதை நாங்கள் வேலையின் முதற் பகுதியாக வைத்திருக்கிறோம். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இங்கே.

படம் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு, 2013இல் இன்னொரு ஜனாதிபதி ஆணைக்குழு, 2018இலிருந்து காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று எத்தனையோ இடங்களில் இந்தக் குடும்பங்கள் விவரம் கொடுத்துவிட்டன. இடையில் செய்தியாளர்களும் ஆய்வாளர்களும். "தாங்கோ அம்மா, ஸ்கான் பண்ணிப்போட்டு நாளைக்குக் கொண்டுவந்து தாறம்" என்ற வசனத்தை அவர்கள் போதுமான அளவு கேட்டாயிற்று. ஆகவே சாமான்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

முதல் நாள் கமரா இல்லாமல் போங்கள். விதானையாரோடு (கிராம அலுவலரோடு) போகாதீர்கள், அது அரசாங்க அலுவல் போலாகிவிடும். அதே ஊரில் இதே துயரோடு இருக்கும் இன்னொரு அம்மா கூட்டிப்போவதுதான் சரி. நான்கு சம்மதங்களைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: படத்தைப் பிரதி எடுக்கலாமா, அதை வெளியே காட்டலாமா, அம்மாவின் முகத்தைக் காட்டலாமா, பெயரும் ஊரும் போடலாமா. ஒன்றுக்கு ஓம் என்றால் மற்ற மூன்றுக்கும் ஓம் என்று எடுக்கக் கூடாது. நீங்கள் போன பிறகு "ஆர் வந்தவை, என்ன கேட்டவை" என்று விசாரிக்க ஆட்கள் வரக்கூடும். அதை மறைக்காமல் சொல்லி, யோசிக்க நாள் விட்டு, இரண்டாம் முறை போகும்போது திரும்பவும் கேளுங்கள்.

பேச்சில் கவனிக்க வேண்டியது காலம். "மகனுக்கு இப்ப எத்தனை வயசு?" என்று கேளுங்கள். "இருந்தவர்", "செய்தவர்" என்பவை அம்மாவின் வாயிலிருந்து வந்தால் மட்டும் உங்கள் வாயிலும் வரலாம். படத்துக்கு மாலையோ பொட்டோ வைக்காதீர்கள், சாமி விளக்குக்குப் பக்கத்தில் வைத்து எடுக்காதீர்கள், கறுப்புக் கரை போடாதீர்கள். இவை எல்லாம் செத்தவருக்குச் செய்வது. காட்சி அழகாக வருகிறது என்று விளக்கடியில் வைப்பவர்கள், அந்தத் தாய் இத்தனை வருடமாகச் சொல்லிவருவதை ஒரே படத்தில் மறுத்துவிடுகிறார்கள்.

இனி வேலை. காலை எட்டிலிருந்து பத்துக்குள், விறாந்தையில், வெயில் நேரே விழாத இடம். நீலத் தறப்பாளுக்குக் கீழே எடுத்தால் எல்லாம் நீலமாக வரும், கடும் நிறம் பூசிய சுவரும் அப்படித்தான். சாம்பல் நிற அட்டையை வைத்து, நிறம் பிசகாமல் வரக் கமராவின் வெள்ளைச் சமநிலையை முதலில் எடுத்துவிடுங்கள். படத்தைக் கறுப்புத் துணி விரித்த பலகையில் கிடையாக வைத்து, முக்காலியில் கமராவை நேர் கீழே பார்க்கத் திருப்ப வேண்டும். சமாந்தரமாக இருக்கிறதா என்று பார்க்க, படம் வைக்கிற இடத்தில் முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடி ஒன்றை மட்டமாக வையுங்கள். திரையின் சரி நடுவில் லென்ஸின் விம்பம் தெரிந்தால் சரி. கிட்டவிருந்து எடுக்கிற மக்ரோ லென்ஸ், லென்ஸின் துளை எஃப் 8, ஐ.எஸ்.ஓ 100, ரோ கோப்பு (ஜேபெக் ஆக்காத மூலக் கோப்பு), இரண்டு விநாடி டைமர். 24 மெகாபிக்சல் கமரா தாராளம்: 10க்கு 15 சென்ரிமீற்றர் படம் சட்டத்தை நிரப்பினால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 1000 பிக்சல் கிடைக்கும். ஏ4 பிரின்றுக்கு 2480க்கு 3508 பிக்சல் போதும்.

அதிகம் பிழைப்பது படத்துக்கு மேல் போட்டிருக்கும் லமினேற்றின் பளபளப்பால். விளக்கோ வெளிச்சமோ இரு பக்கத்திலும் 45 பாகைச் சரிவில் வரவேண்டும். கமராவுக்குப் பின்னால் வெளிச்சமான எதுவும் இருக்கக் கூடாது. கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை வெட்டிக் கமராவுக்கு முன்னால் கட்டுங்கள். வெள்ளைச் சேட்டோடு போகாதீர்கள், அதுவும் படத்தில் தெரியும். லென்ஸில் மாட்டிப் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் உதவும், ஆனால் ஒன்றரை முதல் இரண்டு ஸ்ரொப் வெளிச்சத்தைத் தின்னும் (ஒரு ஸ்ரொப் என்றால் வெளிச்சம் பாதியாகும்). தேன்கூடு போலச் சொரசொரப்பான பழைய ஸ்ரூடியோத் தாளுக்கு லென்ஸில் போலரைசர் போட்டால் மட்டும் போதாது. விளக்குகளுக்கும் போலரைசர் தாள் போட்டு, லென்ஸில் இருப்பதைக் குறுக்காகத் திருப்பினால்தான் அந்தச் சொரசொரப்பில் மினுங்கும் புள்ளிகள் போகும். வெயிலில் பிடித்து நெளிந்துபோன லமினேற்றை நிமிர்த்த வேண்டாம். வெளிச்சத்தை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நகர்த்தி நான்கு படம் எடுத்து, பளபளப்பு இல்லாத பகுதிகளைப் பிறகு சேர்க்கலாம்.

லமினேற்றை ஒருபோதும் உரிக்காதீர்கள். முகத்தின் மேற்படை பிளாஸ்ரிக்கோடு வந்துவிடும். பிரேம் கண்ணாடியில் ஒட்டிய படத்துக்கும் இதே கதைதான். கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள். பிரேமில் ஒட்டாமல் சும்மா இருக்கிற படத்தின் பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். ஸ்ரூடியோ முத்திரை, திகதி, யாரோ எழுதிய ஒரு வரி அங்கேதான் இருக்கும்.

சிலரிடம் அடையாள அட்டைப் படம் மட்டுமே இருக்கும், சிலரிடம் அதுவும் இராது. அப்போது கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற சொந்தக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள். கலியாண வீட்டுப் படம் ஒன்றாவது அங்கே போயிருக்கும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டொக்குமென்ற்றாக அனுப்பச் சொல்ல வேண்டும். கூட்டப் படம் என்றால் முழுவதையும் எடுத்த பிறகு முகத்தை வெட்டுங்கள். அதில் மற்றவர்களும் இருப்பார்கள், அவர்களைக் கேட்காமல் முழுப் படத்தை வெளியிட முடியாது. புலிகளின் சீருடையில் உள்ள படத்தை நாங்கள் எங்கள் கருவியில் கொண்டுபோவதில்லை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் படம் பகிர்ந்ததற்குக்கூடக் கைதுகள் நடந்த நாடு இது.

கோப்புக்குப் பெயர் வைக்க வேண்டாம், இலக்கம் போதும். இலக்கத்துக்கு உரிய பெயர் எழுதிய கொப்பி கமராப் பையில் இருக்கக் கூடாது. அன்றிரவே கடவுச்சொல் போட்ட இரண்டு வன்தட்டுகளில் ஏற்றி, கமராக் கார்ட்டை அழித்துவிடுங்கள்.

திருத்தம் செய்யும்போது கீறலையும் கறையையும் முகத்துக்கு வெளியே மட்டும் தொடுங்கள். மங்கின முகத்தைத் தெளிவாக்கித் தருகிற செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்போது எல்லார் போனிலும் உண்டு. அவை இல்லாத கண்ணையும் பல்லையும் கற்பனையில் நிரப்புகின்றன. "இது என்ர பிள்ளை இல்லை" என்று அம்மா சொல்லுவார், அவர் சொல்வது சரி. தேடப்படும் ஒருவரின் படத்தில் இது மன்னிக்க முடியாத பிழை. பிரின்ற் போடும் ஸ்ரூடியோக்களிலும் முகத்தை வெள்ளையாக்கிப் பின்னணியை மாற்றுவது கைப்பழக்கம். "ஒண்டும் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள்.

வீட்டுக்குக் கொடுக்கும் பிரின்ற் இரண்டு: சுவருக்கு ஏ4, போராட்டத்துக்கு இன்னொன்று. வெயிலில் பிடிப்பதற்குச் சாதாரண இங்க்ஜெற் மை விரைவில் வெளிறிவிடும், ஸ்ரூடியோப் போட்டோத் தாளில் போடுங்கள். லமினேற் செய்வது பிரதியைத்தான், மூலப்படத்தை அல்ல. நான்கு பக்கமும் 3 மில்லிமீற்றராவது பிளாஸ்ரிக் ஒட்டி மிஞ்சியிருக்க வேண்டும், தாளின் கரையோடு வெட்டினால் முதல் மழையிலேயே தண்ணீர் உள்ளே போகும். இந்தப் பிரின்ற் அம்மாவின் கைக்குப் போய், அவர் முகத்தைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அவரை எடுக்கக் கமராவைத் திருப்புகிறோம்.