‘செட்’டைப் பிரித்துப் போட்ட கதை

ஒரு ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் பொருள்களை அட்டை அட்டையாக எழுதி, எது எந்த வேரிலிருந்து முளைத்தது என்று பிரித்து அடுக்குவது என் பொழுதுபோக்கு. இந்த முறை மாட்டியது ‘செட்’. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு இதுதான்: 430 பொருள்கள், ஏறத்தாழ 60,000 சொற்கள். (பிறகு ‘ரன்’ முந்திக்கொண்டது. வினையாக மட்டுமே 645.) அத்தனையையும் எழுதப் பொறுமை கிடையாது. அடிக்கடி காதில் விழுபவை போதும் என்று வைத்துக்கொண்டேன்.

அலாரம் வைப்பது, முறிந்த எலும்பைப் பொருத்துவது, மோதிரத்தில் கல் பதிப்பது, அச்சு கோப்பது, சிமெண்ட் இறுகுவது, சூரியன் மறைவது. அட்டைகளைப் பரப்பினால் ஒன்றுக்கொன்று ஒட்டு உறவே இல்லாததுபோல் கிடந்தன.

பிடி கிடைத்தது பழைய ஆங்கிலத்தில். ‘சிட்’ என்றால் உட்கார். அதன் பிறவினைதான் ‘செட்டன்’, அதாவது உட்காரவை. நம் அமர், அமர்த்து போலத்தான். ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட ஜோடிகள் கொஞ்சம்தான் மிச்சம்: படு என்னும் ‘லை’, படுக்கவை என்னும் ‘லே’ ஒன்று, விழு என்னும் ‘ஃபால்’, மரத்தை வெட்டி வீழ்த்தும் ‘ஃபெல்’ இன்னொன்று.

அப்புறம் வேலை சுலபம். ஒவ்வொரு அட்டையிலும் ‘உட்காரவை’ என்று போட்டுப் பார்த்தேன். எலும்பு அதன் இடத்தில் உட்காருகிறது, கல் குழிக்குள் உட்காருகிறது, அலாரம் முள் ஒரு மணியில் உட்காருகிறது. சூரியனும் கீழே போய் உட்காருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இதே வேரின் லத்தீன் கிளையில் ‘செஷன்’, ‘பிரெசிடெண்ட்’ (முன்னால் அமர்பவர்), அடியில் தங்கும் வண்டலான ‘செடிமெண்ட்’. சமஸ்கிருதக் கிளையில் சதஸ் (கூடி அமரும் அவை), உபநிஷத் (அருகில் அமர்தல்). பறவைக் கூடான ‘நெஸ்ட்’ கூட இதே குடும்பம் என்று தெரிந்ததும் தனி அட்டை போட்டுவிட்டேன்.

ஆனால் சில அட்டைகள் இந்தச் சல்லடையில் நிற்கவில்லை. ஒரே மாதிரிப் பழகும் கூட்டம், கணிதத்தில் வரும் கணம், ஒரு தொகுதிப் பாத்திரங்கள். இவை வேறு வீட்டுப் பிள்ளைகள். லத்தீன் ‘செக்டா’ பழைய பிரெஞ்சு வழியாக வந்து, தேய்ந்து ‘செட்’ ஆனது. பின்பற்றுதல் என்பது அதன் பொருள்; பின்பற்றுகிறவர்கள் சேர்ந்தால் கூட்டம். மதப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ இதன் உடன்பிறப்பு. ‘சீக்வென்ஸ்’, முதலாவதைத் தொடர்ந்து வரும் ‘செகண்ட்’, நம் காதுக்குப் பழகிய ‘சகா’ எல்லாம் தூரத்துச் சொந்தம்.

சிக்கல் நடுவில்தான். உருவம் ஒன்றாகிவிட்டதால் இரண்டும் ஒன்றின் சாயலை இன்னொன்று வாங்கிக்கொண்டன. தொகுதி என்பதைச் ‘சேர்த்து வைக்கப்பட்டவை’ என்றும் படிக்கலாம் அல்லவா? நாடக மேடையின் செட் சந்தேகமில்லாமல் வினையின் பக்கம். டிவி செட்டையும் டென்னிஸ் செட்டையும் நடுக்குவியலில் விட்டிருக்கிறேன். வலுக்கட்டாயமாக ஒரு பக்கம் தள்ளுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மிச்சம் இருப்பது ‘செட் ஆஃப்’, ‘செட் அவுட்’. கிளம்பு என்று பொருள், உட்காரவைப்பதற்கு நேர் எதிர். பாய் விரித்துக் கப்பல் புறப்படுவதையும் ‘செட் செய்ல்’ என்பார்கள். அந்தப் பக்கமிருந்து தேட ஆரம்பித்திருக்கிறேன்.