பிங் போகிறது, ஃபைல் போகவில்லை

லீஸ்டு லைன் (டெலிபோன் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த தனி லைன்) வேலையில் நான் பார்த்ததிலேயே எரிச்சலூட்டும் புகார் இதுதான். கிளை அலுவலகத்துக்கு லிங்க் அப், பிங் (எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை) போகிறது, மெயில் வருகிறது, ஆனால் ஒரே ஒரு டேட்டாபேஸ் ஃபைலை மட்டும் அனுப்ப முடியவில்லை. எத்தனை தடவை அனுப்பினாலும் அதே இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. அதையே ஜிப் பண்ணி அனுப்பினால் மறுபேச்சில்லாமல் போய்விடுகிறது! இதைக் கேட்டால் யாருக்குத்தான் லைன் மேல் சந்தேகம் வரும்? சர்வரைச் சொன்னார்கள், ஆன்ட்டிவைரஸைச் சொன்னார்கள், ஃபைலே கெட்டுப்போயிருக்கும் என்றும் ஒருவர் சொன்னார். நானும் இரண்டு நாள் சர்வரைத்தான் குடைந்துகொண்டிருந்தேன்.

குற்றவாளி ரவுட்டருக்கும் சுவரில் இருக்கும் ஜாக்குக்கும் நடுவே இருக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருந்தது. சிஎஸ்யூ/டிஎஸ்யூ. பெயரைப் பார்த்தால் இரண்டு பெட்டி போலத் தெரியும், ஒரு காலத்தில் இரண்டாகத்தான் இருந்தது, பிறகு ஒன்றாகிவிட்டது. டிஎஸ்யூ பாதி ரவுட்டர் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும். ரவுட்டரின் சீரியல் போர்ட்டிலிருந்து வி.35 கேபிளில் வரும் பிட்டுகளை வாங்கி, டெலிபோன் லைனில் போகிற மாதிரி மேலும் கீழுமான பல்ஸ்களாக மாற்றுவது அதன் வேலை. சிஎஸ்யூ பாதி லைன் பக்கம் பார்த்தது. தேய்ந்து வரும் சிக்னலைத் தூக்கி நிமிர்த்துவது, மின்னல் கின்னல் வந்தால் உள்ளே விடாமல் தடுப்பது, எக்ஸ்சேஞ்சிலிருந்து லூப் (வந்த சிக்னலை அப்படியே திருப்பி அனுப்புவது) போடச் சொன்னால் போடுவது எல்லாம் அதன் பொறுப்பு.

(அந்த வி.35 கனெக்டரைப் பார்க்காதவர்களுக்கு: 34 துளை உள்ள ஒரு கறுப்புக் கட்டி, இரண்டு ஓரமும் நீளத் திருகு. பின் ஒன்று வளைந்தாலும் வெளியே தெரியாது, டார்ச் அடித்து உள்ளே எட்டிப்பார்க்க வேண்டும். ரேக்குக்குப் பின்னால் குனிந்துகொண்டு அதை மாட்டியவர்களுக்குத் தெரியும் அந்தச் சுகம்.)

சரி, ஃபைல் ஏன் நின்றது? அதற்கு இந்த லைன், அதாவது டி1, எதற்காகப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். டி1 லைனை அமெரிக்காவில் பெல் நிறுவனம் 1962-ல் கொண்டுவந்தது எக்ஸ்சேஞ்சுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவே பேச்சைக் கடத்துவதற்காக. கம்ப்யூட்டர் யார் மனதிலும் இல்லை. ஒரு குரலை வினாடிக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதினால் 64 கேபிபிஎஸ். அப்படி 24 குரல், ஃப்ரேமுக்கு (எல்லாக் குரலுக்கும் ஒரு சுற்று) ஒரு பிட் கூடுதல், ஆக 193 பிட், வினாடிக்கு 8000 ஃப்ரேம் என்று பெருக்கிப் பார்த்தால் 1.544 எம்பிபிஎஸ் வந்துவிடும். (டி1-இன் ஐரோப்பிய வடிவமான இ1 என்றால் 32 ஸ்லாட், 2.048 எம்பிபிஎஸ். கதை கிட்டத்தட்ட அதேதான்.)

வழியில் சுமார் 6000 அடிக்கு ஒரு ரிப்பீட்டர் உட்கார்ந்திருக்கும். அதற்கென்று தனியாகக் கடிகாரம் கிடையாது, வந்து விழும் பல்ஸ்களைப் பார்த்தே தாளம் பிடிக்கும். 1 என்றால் பல்ஸ், அடுத்த 1 எதிர்த்திசையில் பல்ஸ், 0 என்றால் ஒன்றுமே இல்லை. இதற்குப் பெயர் ஏஎம்ஐ. தொடர்ந்து பூஜ்யமாக வந்தால் ரிப்பீட்டருக்குத் தாளம் தப்பிவிடும். அதனால் அடுத்தடுத்து 15 பூஜ்யத்துக்கு மேல் வரக்கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். பேச்சுக்கு இது ஒரு தொல்லையே இல்லை, ஏனென்றால் அங்கே பயன்படும் குரல் கோடிங்கில் யாரும் பேசாத மௌனம்கூட பெரும்பாலும் 1-களாகத்தான் லைனில் போகும்.

டேட்டா அப்படியா? ஒரு டேட்டாபேஸ் ஃபைலில் காலிப் பக்கங்கள் இருக்கும், பக்கம் பக்கமாக வெறும் பூஜ்யம். அது லைனில் ஏறியவுடன் ரிப்பீட்டர் தடுமாறுகிறது, பிட் சிதைகிறது, ரவுட்டர் அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. போய்ச் சேராததைத் திரும்ப அனுப்பும் நெறிமுறையான டிசிபி நல்ல பிள்ளையாக அதே பைட்டுகளைத் திரும்ப அனுப்புகிறது, அதே பூஜ்யங்கள், அதே சிதைவு. அதனால்தான் எப்போதும் ஒரே இடம். ஜிப் பண்ணினால் பூஜ்யக் கூட்டம் சுருங்கிவிடும், போய்விடும்.

இதற்கு மருந்து எப்போதோ வந்துவிட்டது: பி8இசட்எஸ். எட்டு பூஜ்யம் சேர்ந்து வந்தால் அந்த இடத்தில் வேண்டுமென்றே விதிமீறிய ஒரு பல்ஸ் வரிசையைப் போட்டு அனுப்புவார்கள், எதிர்முனை அதை அடையாளம் கண்டு மறுபடி எட்டு பூஜ்யமாக்கிக்கொள்ளும். இ1-ல் இதே வேலையை எச்டிபி3 நான்கு பூஜ்யத்துக்கே செய்துவிடும். எங்கள் லைன் முன்பு இரண்டு பிபிஎக்ஸ்களை (அலுவலகத்துக்குள் இருக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்) இணைக்கப் பேச்சுக்கு ஓடிக்கொண்டிருந்த லைன். டேட்டாவுக்கு மாற்றியபோது இரண்டு முனையிலும் பெட்டியை மாட்டியவர்கள் பழைய ஏஎம்ஐ அமைப்பைத் தொடவே இல்லை. எல்லா முனையும் ஒத்துப்போனதால் விளக்கு பச்சையாக எரிந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கண்டுபிடித்தது எப்படி என்றால், வேறு எதுவும் தோன்றாமல், ரவுட்டரில் பிங் அனுப்பும்போது உள்ளே என்ன பிட் போக வேண்டும் என்று நாமே சொல்லலாமே, அதைச் செய்து பார்த்தேன். எல்லாம் 1 வைத்து அனுப்பினால் நூற்றுக்கு நூறு. 1500 பைட், வெறும் பூஜ்யம் வைத்து அனுப்பினால் ஒன்றுகூடத் திரும்பவில்லை. கிளையில் இருந்த பையனுக்குப் போன் போட்டு, பெட்டியின் மெனுவில் எரர் கவுண்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நான் சொல்லும்போது பார் என்றேன். பிங்கைத் தட்டினேன். "அண்ணே, நம்பர் ஓடுதுண்ணே!" என்றான். நிறுத்தினேன். "நின்னுபோச்சு." அந்த ஒரு நிமிடத்தில் இரண்டு நாள் தலைவலி தீர்ந்தது.

ஆனால் லைன் கொடுத்தவர்களை ஒப்புக்கொள்ள வைப்பது அடுத்த கூத்து. அவர்கள் எங்கள் பெட்டிக்கு லூப் போட்டு டெஸ்ட் எடுத்து, "லைன் கிளீன் சார்" என்று புகார் டிக்கெட்டை மூடிவிட்டார்கள். மூன்று தடவை! பொய்யும் சொல்லவில்லை. அவர்கள் ஓட்டியது க்யூஆர்எஸ்எஸ் என்ற, 1-ம் 0-ம் கலந்து வரும் சோதனைப் பேட்டர்ன், அதில் 14 பூஜ்யத்துக்கு மேல் சேர்ந்து வரவே வராது. ஏஎம்ஐ லைன் அதில் தாராளமாகப் பாஸ் ஆகும். எல்லாம் பூஜ்யம் வைத்து ஓட்டுங்கள் என்று கேட்ட பிறகுதான் அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். அவர்கள் முனையை பி8இசட்எஸ்ஸுக்கு மாற்ற நேரம் குறித்து, அதே நேரத்தில் எங்கள் இரண்டு பெட்டியையும் மாற்றினோம். அதுவரை சும்மா இருக்கவில்லை, இரண்டு ரவுட்டரிலும் டேட்டாவை இன்வெர்ட் பண்ணி (0-ஐ 1-ஆக, 1-ஐ 0-ஆக மாற்றி) ஓட்டினோம். ரவுட்டர் டேட்டாவைப் பொதிந்து லைனில் அனுப்பும் முறையான எச்டிஎல்சி, தொடர்ந்து ஐந்து 1 வந்தாலே நடுவில் ஒரு 0 செருகிவிடும் என்பதால், தலைகீழாக்கினால் பூஜ்யம் நீளமாக வர வழியில்லை. பழைய தந்திரம்தான், இரண்டு முனையிலும் சேர்ந்து செய்ய வேண்டும், ஒரு முனையில் மட்டும் செய்தால் லிங்க்கே போய்விடும்.

இந்தப் பெட்டியில் இன்னொரு வம்பு கிளாக். லைன் கொடுப்பவர்களிடமிருந்தே தாளம் வருகிறது என்றால் நம் பெட்டி அதைத்தான் பின்பற்ற வேண்டும், இன்டர்னல் (பெட்டியின் சொந்தக் கிளாக்) என்று வைக்கக் கூடாது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலும் 125 வினாடிக்கு ஒரு ஃப்ரேம் நழுவும். பேச்சில் ஒரு சின்ன 'டிக்', யாரும் கவனிக்க மாட்டார்கள், டேட்டாவில் ஒரு பாக்கெட் காலி. இடையில் யாருமில்லாமல் இரண்டு பெட்டியை நேராக இணைத்தால் மட்டும் ஒன்று இன்டர்னல், இன்னொன்று லைன்.

பிறகு இதெல்லாம் ரவுட்டருக்குள்ளேயே ஒரு கார்டாகப் போய்விட்டது. கேபிள் ஒன்று குறைந்தது, அந்த 34 துளைக் கட்டியும் ஒழிந்தது, நல்லதுதான். ஆனால் போனில் ஒருவரை நிற்க வைத்து, முகப்பில் எந்த விளக்கு எரிகிறது என்று கேட்கும் வசதியும் போய்விட்டது. சிவப்பு என்றால் சிக்னலே வரவில்லை. மஞ்சள் என்றால் நம்முடையது எதிர்முனைக்குப் போய்ச் சேரவில்லை, அவர்கள் அங்கிருந்து சொல்கிறார்கள். நீலம் என்றால் நடுவே ஏதோ அறுந்து, வழியில் உள்ள கருவி வெறும் 1-களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும், எக்செல் தவிர எதுவும் தெரியாதவர்கள்கூட சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

என் பையில் இன்றைக்கும் ஒரு லூப் பிளக் கிடக்கிறது. ஆர்ஜே-48 ஜாக்குக்குப் போடுவது: ஒரு பிளாஸ்டிக் பிளக், உள்ளே இரண்டு துண்டு வயர், 1-ஐ 4-உடன், 2-ஐ 5-உடன் சேர்த்துக் கிரிம்ப் பண்ணியது. பார்க்க ஈதர்நெட் பிளக் மாதிரியே இருக்கும், ஒருவர் அதை ஸ்விட்சில் சொருகிவிட்டு லைட் எரியவில்லை என்று என்னிடமே வந்து புகார் சொன்னார். அதற்கப்புறம் அதன் மேல் சிவப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.